கக்கத்துக் காற்று

ஆரம்பிச்சாச்சு, என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள் வடிவு. வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகைப் பக்கம், முதலில் ஒரு முனகல் கிளம்பியது. அப்புறம் மூன்று குழலும் ஒரே சுருதியில் நின்றன. அதுக்கு மேலே விரல் குழலின் சத்தம் ஏறி, குன்னூர் முழுக்கக் கேட்கட்டும் என்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. தவசிமுத்து பட்டாளத்தில் பேக்பைப், கக்கத்தில் இடுக்குகிற அந்தத் தோல் பை வாத்தியம், வாசித்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் இந்த லைன் வீடுகளில் அவருக்குப் பெயர் பைப்பர்தான், அவளும் பைப்பர் வீட்டம்மாதான். சாயங்காலக் காப்பிக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஊதினால்தான் மனுஷனுக்கு அன்றைய பொழுது பொழுது. பக்கத்து வீட்டு நாய்கூட முதலிரண்டு வருஷம் ஊளையிட்டுப் பார்த்துவிட்டு, இது திருந்தாத கேஸ் என்று விட்டுவிட்டது. வடிவு இருப்புச்சட்டியில் துவரம்பருப்பைப் போட்டு வறுத்தாள், பருப்புப்பொடிக்கு. ஸ்காட்லாந்தில் ரெண்டு வாரம், அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று மகளைக் கேட்டால் உருளைக்கிழங்கு என்கிறாள். நீலகிரியில் இருக்கிறவளுக்கு உருளைக்கிழங்கு காட்ட ஏரோப்ளேனில் கூட்டிக்கொண்டு போகணுமாக்கும். கரண்டி அதுபாட்டுக்குப் புரட்டிக்கொண்டிருந்தது, காது மட்டும் கொட்டகைப் பக்கமே இருந்தது. சத்தம் அறுபடவில்லை. அறுபடாத வரைக்கும் ஒண்ணுமில்லை. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் கொஞ்ச நாளாக அவள் ராத்திரி தூங்குகிறாள், காலையில் எழுந்திருக்கிறாள், பருப்பு வறுக்கிறாள்.

எல்லாம் சுகந்தி ஆரம்பித்து வைத்தது. ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் வேலையாக இருக்கிற ஒரே மகள். போன வருஷம் ஒரு நாள் வீடியோவில் வந்து, அப்பா, இதைப் பாருங்க என்று அந்த ஊர் விளையாட்டுத் திருவிழாவைப் போனில் திருப்பிக் காட்டினாள். பச்சை மைதானம், சுற்றிலும் மலை, நம்ம ஊட்டி மாதிரியே, ஆனால் ஒரு தைல மரம் கிடையாது. ஆம்பிளைகள் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, முழு மரம் ஒன்றை நட்டுக்குத்தலாகக் கையில் தாங்கி, ஓடிப் போய்த் தூக்கி எறிகிறார்கள். மரம் தலைகுப்புறப் புரண்டு விழணுமாம், அதுதான் போட்டி. விறகுக்கடைக்காரன் தினமும் செய்கிறதைப் பார்க்க விசாவா, என்று வடிவு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மரத்தையும் பார்க்கவில்லை, கல் எறிகிறவனையும் பார்க்கவில்லை, கத்திகளைக் குறுக்கே போட்டு மேலே ஆடுகிற பெண்பிள்ளைகளையும் பார்க்கவில்லை. தூரத்தில், மைதானத்தின் அந்தக் கோடியில், வரிசையாக நடந்து வருகிற பைப்பர்களைப் பார்த்தார். பதினெட்டு வயசில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்கு வந்த பையன் கையில் இந்தப் பையைக் கொடுத்து ஊது என்றார்கள், ஊதினான். யாருடைய பாட்டு, எந்த ஊர்ப் பாட்டு, ஒன்றும் தெரியாது. ஜெனரல் வந்தால் ஊதினார், ஜெனரல் போனால் ஊதினார், கல்யாண ஊர்வலம், கல்லறைத் தோட்டம், எல்லாத்துக்கும் ஊதினார். வடிவு, நான் ஊதுறது சரியா தப்பான்னு இத்தன வருஷமும் எவனும் சொல்லலட்டி, என்றார் அன்று ராத்திரி. அது பெறந்த ஊர்ல நின்னு ஒரே ஒரு தடவ ஊதணும். அங்க ஒரு கெழவன் தலையாட்டினாப் போதும். அதுக்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சுகந்திக்குத் தெரிந்த ஒரு மலைக்கிராமத்து பேண்டுக்காரர்கள், எங்களோட சேர்ந்து நடக்கட்டும், ஆரம்பத்துல தனியா ஒரு பாட்டும் ஊதட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலமானால் அங்கே சாராயக்கடையிலேயே உட்கார்ந்து ஃபிடில் வாசிப்பார்களாம், யாரும் காசு கேட்கமாட்டார்களாம், கூடப் பாடலாமாம். சாராயக்கடையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கப்போகிறேன், என் அம்மா இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். ஆனால் அவளுக்கும் ஆசைதான். அதை யாரிடம் மறைக்கணும்? புதுக் கம்பளிச் சட்டை வாங்கி, தடவிப் பார்த்து, பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கடி கடி என்று கடிக்கிற ஒரு பொடிக் கொசு அங்கே உண்டாம், அதுக்கு ஒரு தைலமும் வாங்கியாச்சு.

மிளகாய் வறுக்கணும் இனி. வற்றலை எடுத்தவள் கை அப்படியே நின்றது. மிளகாய் வறுக்கக் கூடாது, வீட்டுக்குள் கூடாது, ரெண்டு வீடு தள்ளி இருக்கிற சுந்தரியிடம் கொடுத்து வறுத்துக்கொண்டு வரலாம். அவருக்கு இருமல் தொடங்கின அன்றைக்கும் இதே அடுப்புத்தான். உள்ளறையிலிருந்து அவர் இருமிக்கொண்டே, ஏட்டி, மிளகா வறுக்கியா, கதவச் சாத்தக்கூடாதா என்று கத்தினார். வடிவு அப்போது மிளகாய் வறுக்கவில்லை. பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஆமாங்க, சாத்துதேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பால் பொங்கி வழிகிறதைப் பார்த்துக்கொண்டே, அந்த இருமல் முடிகிறதுக்காகக் காத்திருந்தாள். வறட்டு இருமல். சளியும் இல்லை, கோழையும் இல்லை, அடியிலிருந்து எதையோ சுரண்டி எடுக்கிற மாதிரி. அப்புறம்தான் கோயம்புத்தூர். நெஞ்சு டாக்டர் சின்னப் பையன்தான், மரியாதையான பையன். அவரை எக்ஸ்ரே எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு, இவளை உட்காரச் சொன்னான். வீட்ல புறா வளக்குறீங்களாம்மா? இல்லை. கோழி? இல்லை. மக்கிப்போன வைக்கோல், ஈரச் சுவர், ஏசி மெஷின்? இல்லை, இல்லை, இல்லை. காத்து வாத்தியம் ஏதாச்சும் வாசிக்கிறாரா? இல்ல டாக்டர், பட்டாளத்துல வாசிச்சாவ, இப்ப விட்டாச்சு. கேள்வி முடிகிறதுக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. அந்த இல்லையை யார் சொன்னது? வாய்தான் சொன்னது, ஆனால் அத்தனை இல்லைக்குப் பிறகு இதுவும் தன்னால் வழுக்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது, அவள் சொன்ன மாதிரி இல்லை. எதுக்குக் கேட்டேன்னா, என்று அந்தப் பையன் எழுதிக்கொண்டே சொன்னான், வாத்தியத்துக்குள்ள பூஞ்சை பிடிச்சிருந்தா, மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது நுரையீரலுக்குள்ள போகும். தழும்பு விழும். விழுந்த தழும்பு போகாதும்மா. ஊதுறவரா இருந்தா உடனே நிறுத்தச் சொல்லியிருப்பேன், இல்லேன்னா... என்று நிறுத்தி, இவள் முகத்தைப் பார்த்து, அதான் ஊதலேங்கிறீங்களே என்று சிரித்தான். ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க. எடுத்துருதோம் டாக்டர். வெளியே வந்தவர், என்ன சொல்லுதான் என்று கேட்டார். சளி கட்டியிருக்காம் என்றாள். ஸ்கேனைப் பற்றிச் சொல்லவில்லை. ஊருக்குப் போயிட்டு வந்து எடுத்தா ஆகாதா என்ன, என்று அவளே அவளிடம் கேட்டு, ஆகும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இல்லேன்னா என்ன? மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் வளைவு வளைவாக ஏற ஏற, அந்த இல்லேன்னா அவளோடு கூடவே ஏறியது. அவர் ஜன்னலில் சாய்ந்து தூங்கினார், வாய் லேசாகத் திறந்திருந்தது. பை. வேறு எது? பையைப் பாதுகாக்கிறது யார்? இவள்தான். தோல் பை காய்ந்தால் தையலில் காற்றுக் கசியும். பட்டாளத்தில் அதுக்கென்று டப்பாவில் ஒன்று வரும். வெளியே வந்த பிறகு அதுக்கு எங்கே போவது? வடிவு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மலைத்தேனை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, முட்டை வெள்ளைக்கரு கொஞ்சம் அடித்துக் கலந்து, துவாரம் வழியாக ஊற்றி, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி வெளியிலிருந்தே பிசைந்து பிசைந்து, மிச்சத்தை வடித்து, பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேட்டுப் பரணில் வைத்துவிடுவாள், காற்றுப் பட்டு மறுபடி காய்ந்துவிடக் கூடாதே என்று. அத்தனை வருஷத்தில் ஒரு பொட்டுக் கசிந்ததில்லை. எம் பொஞ்சாதி போட்ட பை, என்று அவர் பழைய பட்டாளத்தார் சங்கத்து ஆட்களிடம் பெருமையடித்துக்கொள்வார், பிள்ளை பெற்றதுக்குக்கூட அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. இந்த ஊர் ஈரம் இருக்கிறதே, ஆனியில் மழை பிடித்தால் அலமாரியில் அவருடைய பரேடு பூட்சுக்கு ஒரே ராத்திரியில் பூஞ்சை பூத்துவிடும். சாம்பல் பச்சையாக, மெத்துமெத்தென்று. வருஷா வருஷம் துணியால் துடைத்திருக்கிறாள். பூட்சைத் துடைத்தவளுக்குப் பையின் உள்பக்கம் ஏன் தோன்றவில்லை? தேனும் முட்டையும் இருட்டும் ஈரமும். அய்யோ, நானே வளர்த்திருக்கேனே. வீட்டுக்கு வந்ததும், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தாள். ரொம்ப ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மட்டும் சாம்பலாக இருந்தது. விரலை விட்டாள். மெத்தென்று இருந்தது. கொதிக்கக் கொதிக்க மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள், ரெண்டு தடவை, மூன்று தடவை. மஞ்சளுக்குச் சாகாத கிருமி உண்டா? அடுப்பு மேலே தொங்கவிட்டுக் காயவைத்தாள். மறுநாள் அவர் எடுத்து ஊதினால் பை புஸ்ஸென்றது. என்னட்டி ஆச்சு, கசியுதே, இப்பப் போயி கசியுதே, என்று சின்னப் பிள்ளை மாதிரி முகம் சுருங்கி நின்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா ஒருத்தியால்? குடுங்க இங்க, என்று வாங்கி, அன்று ராத்திரியே தேனைக் காய்ச்சினாள்.

ஆனால் மஞ்சள் வேலை செய்திருக்கிறது. செய்யாமலா சத்தம் இப்படி வருகிறது? கோயம்புத்தூர் போய்வந்த புதிதில் பாட்டு நடுவில் அறுந்து அறுந்து போகும், ஒரு நிசப்தம், ஒரு இருமல், மறுபடி முனகல். இப்போது பாருங்கள், எடுத்த பாட்டு முடிகிற வரைக்கும் நூல் பிடித்த மாதிரி போகிறது. டாக்டர் பையனுக்கு என்ன தெரியும், மஞ்சளைப் பற்றிப் படித்திருப்பானா? வடிவு கடலைப்பருப்பைப் போட்டாள். வேறு ஒன்றும் மனசில் உறுத்தியது, பருப்பில் கல் கிடந்தால் கைக்குத் தெரிகிற மாதிரி, ஆனால் என்ன என்று பிடிபடவில்லை. சத்தம் அறுபடவில்லைதான். சத்தம் நகரவும் இல்லை. ஆமாம், அதுதான். அவர் நின்றுகொண்டு ஊதுகிற ஆள் இல்லை. முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே ஊதுவார், சத்தம் சமையலறை ஜன்னலுக்குப் பெரிசாக வந்து சிறுத்துப் போய்த் திரும்ப வரும். கல்யாணமான புதிதில் ஜன்னலைக் கடக்கும்போது, பாட்டுக்கு நடுவிலேயே, குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வடிவு, ஒரு காப்பி, என்பார். பாட்டு நிற்காது! பயந்துபோனாள் முதல் நாள், வாய் இங்கே பேசுகிறது, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று. ஊதுறது வாய்னா நெனச்ச, கிறுக்கி, என்று சிரித்தார். வாய் சும்மா ரொப்பி வைக்கும், அவ்வளவுதான். ஊதுறது கக்கம். பையை இடுக்கி அமுக்குற வரைக்கும் உள்ள இருக்கிற காத்து பாடிட்டே இருக்கும், அதுக்குள்ள நான் உனக்கு ஒரு முத்தங்கூடக் குடுத்துட்டுப் போயிரலாம். கொடுத்தும் இருக்கிறார், அந்த ஜன்னல் கம்பிக்குக் குறுக்கே, வெட்கங்கெட்ட மனுஷன். இப்போது ஜன்னல் பக்கம் வருகிறதில்லை. கொட்டகைக்குப் பின்னால், இங்கிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாத மூலையில் நின்றுகொள்கிறார். முற்றத்துல குளிர்காத்து அடிக்கி, அங்கன்னா மறைவா இருக்கு என்றார். குளிர்காற்று அடிக்கத்தான் செய்கிறது. அதிலென்ன.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. தொடங்கின ரெண்டாவது இழுப்பிலேயே வடிவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மெதுவான பாட்டு. சாவுப் பாட்டு. இதை வீட்டில் ஊதாதீங்க என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. அங்க இதத்தான் தனியா ஊதச் சொல்லியிருக்காங்கட்டி, அது அவங்களுக்குப் பெருமையான பாட்டு, என்கிறார். இருக்கட்டும், அவர்களுக்குப் பெருமை. இவளுக்கு அது தெரியும், கல்லறைத் தோட்டத்தில் கொடி போர்த்திய பெட்டிக்குப் பின்னால் நின்று எத்தனை பெண்டாட்டிமார் இந்தப் பாட்டைக் கேட்டு மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள். கைத்தாங்கலாகப் பிடித்திருக்கிறாள் ஒருத்தியை. அவள் இவள் காதில், நிறுத்தச் சொல்லுங்கக்கா, அந்தப் பாட்டு நின்னாத்தான் அவங்க இன்னும் இருப்பாங்க என்று என்னவோ உளறினாள். அப்போது உளறலாகத் தெரிந்தது. மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. எதிர்ச் சரிவில் தேயிலை தெரியவில்லை, கொட்டகைத் தகரம் பாதி தெரிந்தது. பச்சை மைதானம், சுற்றி மலை, அவ்வளவு ஜனமும் அமைதியாக நிற்க, நடுவில் இவர் ஒருத்தர், கறுத்த மனுஷன், வெள்ளை மீசை, அந்த ஊர்க்காரன் கட்டுகிற பாவாடையும் கட்டி. பாட்டு பாதியில் அறுகிறது. மரம் எறிகிறவன் எறிகிற மரம் மாதிரி அவர் நட்டுக்குத்தலாக நின்று, அப்படியே. சீ, என்ன நினைப்பு இது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பருப்பு கருகுகிற வாடை வந்தது. அடுப்பை அணைத்தாள். சத்தம் இருக்கிறது, அறுபடவில்லை, இருக்கிறது.

போன் அடித்தது. சுகந்தி. "அம்மா, டிக்கெட் போடற பக்கத்துலதான் இருக்கேன். விலை ஏறுறதுக்குள்ள போட்டுரவா? ஒரே மூச்சுல முடிச்சிரலாம்." போடேன் பிள்ள, என்றாள் வடிவு. "இன்சூரன்ஸ் கேக்குது, அதுக்கு மட்டும் பதில் சொல்லு. அம்மாவுக்குச் சுகர், போட்டாச்சு. அப்பாவுக்கு நெஞ்சு, நுரையீரல், மூச்சு சம்பந்தமா ஏதாவது உண்டா? ஆமாவா இல்லையா?" இல்ல, என்று வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து இந்தத் தடவை அது வரவில்லை. அந்த டாக்டர் பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அவனிடம் சொன்ன பொய் அந்த அறையோடு போகும் என்று நினைத்தாள், இதோ கடல் தாண்டி வந்து மறுபடி கேட்கிறது. "என்னம்மா, சத்தமே காணோம்? பின்னால அப்பா வாசிக்கிறது கேக்குது. அடேயப்பா, இன்னும் என்ன மூச்சு அவருக்கு! இல்லைன்னு போட்டுரவா?" இரு, என்றாள் வடிவு. இரு பிள்ள, அப்பாட்டயே கேட்டுச் சொல்லுதேன். எதுக்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் வாயாலேயே இல்லை என்று வரட்டும் என்றா? பாரம் ரெண்டு தோளில் ஏறட்டும் என்றா? அல்லது போகிற வழியிலாவது தைரியம் வந்து, ஏங்க, அந்தப் பையைக் கீழ வைங்க, ஊருக்கும் போக வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், எனக்கு நீங்க வேணும், என்று சொல்லிவிட முடியும் என்றா? போனை உள்ளங்கையில் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, செருப்புப் போடாமல் ஈரமண்ணில் நடந்தாள். பாட்டு அவளை நோக்கிப் பெரிசாகிக்கொண்டே வந்தது, கொஞ்சமும் பிசகில்லாமல்.

கொட்டகை மூலையைத் திரும்பினாள். அவர் சுவரில் தோளைச் சாய்த்துப் பாதி குனிந்து நின்றிருந்தார். ஊதுகுழல் வாயில் இல்லை. அது கன்னத்தை உரசிக்கொண்டு ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. வாயைத் தோள்பட்டைத் துணியில் அழுத்திப் புதைத்துக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்க, சத்தம் வெளியே வராமல், இருமிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அத்தனைக்கும் விரல்கள் குழலின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக, அதது இடத்தில், அதது நேரத்தில் எழுந்து எழுந்து விழுந்தன. இடது கக்கம் பையை அமுக்கிக்கொண்டே இருந்தது. பாட்டு அறுபடவில்லை. தலையைத் தூக்கினார், குழலை எப்படியோ வாயில் கவ்வி ரெண்டு ஊது ஊதினார், பை உப்பியது, மறுபடி வாயை எடுத்துத் தோளில் புதைத்துக்கொண்டார். எத்தனை நாளாக? எல்லா நாளும். இவள் அடுப்படியில் மஞ்சளை மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லா நாளும். அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். திருட்டு முழி முழித்தார், தின்னக்கூடாததைத் தின்னும்போது பிடிபட்ட பிள்ளை மாதிரி. கண் அவள் கையிலிருந்த போனுக்குப் போனது, வேண்டாம் என்று தலையசைத்தார். கக்கம் மட்டும் விடவில்லை. வடிவு அசையவில்லை. அவரும் குழலைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பையில் மிச்சமிருந்த காற்று பாடிக்கொண்டிருந்தது. பாடப்பாட பை ஒடுங்கியது, அவர் முழங்கை விலாவோடு ஒட்டும் வரை அமுக்கினார், இன்னும் அமுக்கினார். சுருதி இறங்கியது. மூன்று குழலும் ஒவ்வொன்றாகச் சரிந்து, முனகி, நின்றன. அதற்கப்புறம் பனிக்குள்ளே கேட்டது இருமல் மட்டுந்தான், அடியிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுக்கிற அந்த வறட்டு இருமல், நிற்கவே நிற்காமல்.

"அம்மா?" என்றது அவள் உள்ளங்கை. "அம்மா, அது யாரு இருமுறது?"